கையால் தைக்கும் ஓவியக் குறிப்பேடு: ஒரு கிட்டின் தரம் எப்படி?

தாளை மடித்து, துளையிட்டு, நூலால் தைத்து ஓவியக் குறிப்பேட்டை நாமே செய்துகொள்வதற்கான கிட்டுகள் இப்போது இணையக் கடைகளில் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கி, ஏட்டைத் தைத்து முடித்து, அதில் அன்றாடம் வரைந்தும் பார்த்த பின் எழுதும் மதிப்புரை இது. நிறைகளோடு குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் விற்பனையாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பெட்டியில் ஏ4 அளவிலான 24 தாள்கள், இரண்டு கெட்டி அட்டைகள், அவற்றின் மேல் ஒட்டுவதற்கான துணி, மெழுகு பூசிய லினன் நூல், முனை மழுங்கிய ஊசி, மரப்பிடி போட்ட குத்தூசி, சிறு பசைக் குப்பி, செய்முறைத் தாள் ஆகியவை இருந்தன. நான்கு நான்கு தாள்களாகச் சேர்த்து நடுவில் மடித்தால் ஆறு மடிப்புகளும், அவற்றைத் தைத்தால் 96 பக்கங்கள் கொண்ட ஏ5 ஏடும் கிடைக்கும்.

கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பு இருப்பது தாளில்தான். பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்த, 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) எடையுள்ள கைமுறைக் காகிதம் இது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் செய்துவரும் தாளின் இனத்தைச் சேர்ந்தது. பருத்தி இழைகள் மரக்கூழின் இழைகளைவிட நீளமானவை என்பதால், மடித்த இடத்தில் தாள் எளிதில் வெடிப்பதில்லை. ஊசி இழுக்கும்போது துளை கிழிவதுமில்லை. நீர்வண்ணத்தைத் தாராளமாகத் தீட்டினாலும் பின்பக்கத்துக்கு ஊறவில்லை. காய்ந்தபின் எழும் சிறு நெளிவும் ஏட்டை மூடி மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடுகிறது. ஆனால் மை ஊற்றி எழுதும் பேனாவுக்கு இது உகந்த தாள் அன்று. மேற்பரப்பின் சொரசொரப்பில் முள் சிக்கி, இழையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. பென்சில், ஜெல் பேனா, தூரிகை ஆகிய மூன்றுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

அட்டையின் தரத்தைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல இயலாது. இயந்திரத்தில் செய்யப்படும் அட்டையிலும் தாளிலும் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசை ஏட்டின் முதுகுக்கு இணையாக அமைய வேண்டும் என்பது பைண்டிங் தொழிலின் முதற்பாடம். இந்தக் கிட்டில் அட்டைகளைக் குறுக்குத் திசையில் வெட்டியிருக்கிறார்கள். ஆகவே பசை தடவித் துணி ஒட்டிய மறுநாள் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் உள்ளிருந்து வெளிப்புறமாகச் சுருண்டு நின்றன. உட்புறத்திலும் ஒரு தாளை ஒட்டி, பாரம் ஏற்றி வைத்த பிறகே அட்டை ஓரளவு நேரானது. குப்பியில் தந்திருக்கும் பசையும் சட்டென்று இறுகிவிடுவதால், துணியை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைப்பதில்லை. நம் ஊர் பைண்டர்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்துக் காய்ச்சும் மைதாப் பசைக்கு அந்தப் பொறுமை உண்டு, பூச்சியையும் அண்டவிடாது. துத்தம் நஞ்சு என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதைச் சேர்க்காமலே காய்ச்சிக்கொள்வது நல்லது.

தையல் முறை, எகிப்தின் காப்டிக் கிறித்தவர்களின் ஏடுகளிலிருந்து பெயர் பெற்ற சங்கிலித் தையல். முதுகில் பசையே கிடையாது. ஒவ்வொரு மடிப்பும் முந்தைய மடிப்பின் தையலோடு கோக்கப்பட்டு, முதுகில் சடைசடையாகத் தெரியும். முதல் மடிப்பு சுலபமாக வந்துவிடும். மூன்றாவது மடிப்பிலிருந்து, ஊசியைக் கீழே உள்ள தையலுக்குப் பின்புறமாக வளைத்து எடுக்க வேண்டிய இடம்தான் பலரைத் தடுமாற வைக்கும். செய்முறைத் தாளோ அதை ஒற்றை வரியில், படமின்றிக் கடந்துவிடுகிறது. நூலின் நீளம் போதுமானது: ஏட்டின் உயரமான 21 செ.மீ.யை மடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அட்டைகளுக்காக இரண்டு உயரங்களைக் கூட்டினால் 168 செ.மீ. வருகிறது, அவர்கள் தருவது இரண்டு மீட்டர்.

அன்றாடம் வரையும் பழக்கத்துக்கு இந்தத் தையலே பெரிய துணை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏடு மேசையில் மல்லாந்து படுத்துக்கொள்கிறது. இடது கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டியதில்லை, ஓவியம் நடு மடிப்பைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கும் ஓடலாம். அடுப்பில் பால் காயும் நேரத்தில்கூட ஒரு டம்ளரையோ கறிவேப்பிலைக் கொத்தையோ வரைந்துவிட முடிகிறது. தைப்பதற்கு முன்பே மடிப்புகளுக்கு நடுவே பள்ளிப் புத்தகத்துக்குப் போடும் பழுப்பு அட்டைத்தாள் சிலவற்றை நான் செருகிக்கொண்டேன். அதன்மேல் வெள்ளை ஜெல் பேனாவால் போட்ட புள்ளிக் கோலம், ஈரம் காய்ந்த வாசலில் மாவுக் கோலம் தெரிவதைப் போல எடுப்பாக இருக்கிறது.

கிட்டோடு வரும் தலைப்பு அட்டைகளை ஒதுக்கிவிடலாம். பனிப்பொழிவையும் இலையுதிர்காலத்து மேப்பிள் மரத்தையும் வரையச் சொல்லும் அட்டைகளைச் சென்னையின் மே மாதத்தில் யாருக்காக வைத்தார்கள் என்று விளங்கவில்லை. அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு செய்திகள் விடுபட்டுள்ளன. அக்ரிலிக் வண்ணம் தீட்டிய எதிரெதிர்ப் பக்கங்கள் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் இடையில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். பயணச்சீட்டு, நாட்காட்டித் தாள், துணித்துண்டு முதலியவற்றை ஒட்டப் போகிறவர்கள் சில தாள்களை முதுகிலிருந்து விரற்கடை அகலம் மட்டும் விட்டு வெட்டிவிட வேண்டும். இல்லையெனில் ஏடு வாய் பிளந்தே கிடக்கும்.

முதன்முறை தைப்பவருக்கு இதை வாங்கலாம் என்றே சொல்வேன், ஏனெனில் ஊசியும் குத்தூசியும் அடுத்தடுத்த ஏடுகளுக்கும் உழைக்கும். தாளையும் அட்டையையும் மட்டும் இந்த விற்பனையாளர் தனியே தருவதில்லை. இரண்டாவது ஏட்டுக்கு, சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகளுக்குப் போய், அட்டையை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும்போது உண்டாகும் வளைவின் கோடு ஏட்டின் முதுகுக்கு இணையாக வரும்படி வெட்டித் தரச் சொல்லி வாங்குவதே மேல்.