மாடிப்படியா, நெடுநடையா, தண்டாலா?

அறப்பணிக்காக மலையேறப் பெயர் கொடுத்துவிட்டால் இரண்டு கடன்கள் தலையில் ஏறிக்கொள்ளும். ஐந்தாறு நாள் முதுகுப்பையோடு நடக்க உடம்பைத் தேற்றியாக வேண்டும்; ஒப்புக்கொண்ட தொகையைக் கிளம்புவதற்கு முன்பே திரட்டியாக வேண்டும். அதனால்தான் பலரும் ஏதாவது ஓர் உடற்பயிற்சிச் சவாலை அறிவித்து, அதையே பயிற்சியாகவும் உண்டியலாகவும் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்ற கணக்கு. நான் பார்த்தவரை முக்கால்வாசிச் சவால்களில் ஒரு மாங்காய்தான் விழுகிறது.

மலை என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 15 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளுக்கு நாலரை மணி நேரம் ஆகும். உட்கார்ந்த நேரமும் படம் பிடித்த நேரமும் இதில் சேராது. மறுநாள் எழுந்து அதையே திரும்பச் செய்ய வேண்டும்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அது எல்லோருக்கும் தெரியும். காலை முறிப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பழகாத தசையில் இது நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். வலி உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். ஆனால் ஒருமுறை அந்த வலியைப் பட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை அவ்வளவு நோவின்றிச் செய்துவிடும். ஆகவே எந்தச் சவாலைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இதில் இறக்கம் உண்டா என்பதைத்தான்.

தண்டாலுக்கும் பஸ்கிக்கும் இந்தத் தேர்வில் தேறுவது கடினம். விளம்பரத்துக்கு இவற்றை மிஞ்ச ஆளில்லை: தினம் 100 தண்டால், ஒரு நிமிடக் காணொளி, பணமும் வருகிறது. தண்டால் மார்பையும் தோளையும் வளர்க்கும். மலைக்கு அவை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. பஸ்கி தொடைக்கு நல்லதுதான், ஆனால் நாலு மணி நேர நடைக்கு அது ஈடாகாது. பழக்கமே இல்லாதவர் ஊக்க மிகுதியில் ஒரே நாளில் சில நூறு பஸ்கி போடுவதில் ஆபத்தும் உண்டு. தசை உடைந்து அதன் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பொது இடத்தில் உடற்பயிற்சி சைக்கிளை நிறுத்தி, ஆள் மாற்றி ஆள் பன்னிரண்டு மணி நேரம் மிதிப்பது, உண்டியலை நிரப்புவதில் கைதேர்ந்த வழி. வேர்த்து ஒழுகும் மனிதரைக் கண்ணெதிரே பார்க்கிறவர் சும்மா கடந்துபோவதில்லை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இது நல்ல பயிற்சி, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் பாதம் தரையில் படுவதில்லை. காலணிக்குள் தோல் பழகவில்லை. இறக்கத்தின் பாரமும் இல்லை.

தினம் 10,000 அடி என்ற சவாலை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அந்த எண்ணே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சமதரையில் சுமார் 7 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சோம்பலை விரட்டும், மலைக்குத் தயார் செய்யாது. தினமும் நடக்கிறவர் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு, நடப்பதற்காக யாரும் தாராளமாகக் கொடுப்பதும் இல்லை.

உண்மையான போட்டி மீதி இரண்டுக்குத்தான்: நெடுநடை, மாடிப்படி.

நெடுநடைக்குப் பெருமைமிக்க மரபு ஒன்று உண்டு. 1981இல் ஹாங்காங்கில் கூர்க்கா படையினர் தங்கள் பயிற்சிக்காகத் தொடங்கிய 100 கிலோமீட்டர் மலைநடைதான் பிறகு ‘டிரெயில்வாக்கர்’ ஆயிற்று. 1986 முதல் ஆக்ஸ்ஃபாம் என்ற வறுமை ஒழிப்பு அமைப்போடு சேர்ந்து பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். நான்கு பேர் கொண்ட குழு 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 100 கிலோமீட்டர் என்று கேட்டதும் கொடுப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். கொப்புளம் எங்கே வரும், பையின் வார் எந்தத் தோளில் உரசும், பத்தாவது மணி நேரத்தில் குழுவில் யாருக்குக் கோபம் வரும் என்பதையெல்லாம் நெடுநடை சொல்லிவிடும். வேறு எந்தச் சவாலும் இவற்றைச் சொல்லாது. குறை என்னவென்றால், பயிற்சிக்கே வாரம் ஒரு முழு நாள் போய்விடும். சமதரையில் நடந்தால் மலைக்கு அதில் பாதிப் பலன்தான்.

மாடிப்படிக்கு ஒரு கட்டடம் போதும். ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையான கிளிமஞ்சாரோவின் உயரம் 5,895 மீட்டர். மாடிக்கு 3 மீட்டர் என்றால் 1,965 மாடிகள். நாலு மாடிக் கட்டடத்தில் 492 தடவை ஏற வேண்டும். வாரம் ஐந்து நாள் வீதம் எட்டு வாரத்துக்குப் பிரித்தால் நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று தடவை. கேட்கிறவருக்கு மலையின் பெயர் மனத்தில் நிற்கும். ஏறுகிறவருக்கு எண்ணிக்கை கைக்கடக்கமாக இருக்கும்.

நான் ஏறிய கட்டடத்தில் மேல்தளச் சுவரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வந்தேன். நாலு நிற்கும் கோடு, ஐந்தாவது குறுக்கே. மூன்றாம் வாரத்தில் மாடியில் குடியிருந்த சிறுமி ஒருத்தி அந்தக் கோடுகளை எண்ணத் தொடங்கினாள். “மாமா, நேற்று ஒன்று குறைகிறது” என்று அவள் பிடித்த நாளிலிருந்து ஏமாற்ற வழியில்லாமல் போயிற்று. அவள் வழியாகச் செய்தி வீடு வீடாகப் போய், நான் கதவைத் தட்டாமலே பணம் வந்தது.

ஆனால் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். ஏறுவதுதானே கணக்கு என்று, ஒவ்வொரு முறையும் லிஃப்டில் இறங்கினேன். நேரம் மிச்சம், முழங்காலுக்கும் நல்லது என்று எனக்கு நானே சமாதானம். மலையில் ஏற்றமெல்லாம் மூச்சு முட்டாமல் ஏறினேன். மூன்றாம் நாள் 1,000 மீட்டர் இறக்கம். மறுநாள் காலையில் தங்குமிடத்தின் ஏழு படிகளை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன். ஆகவே மாடிப்படிக்கே என் வாக்கு, ஆனால் இறங்குவதும் படியில்தான். முதல் இரண்டு வாரம் வெறுங்கையோடு, பிறகு பையில் தண்ணீர்ப் புட்டிகளை ஒவ்வொன்றாகக் கூட்டி. முழங்காலில் பழைய காயம் இருப்பவர் நெடுநடைக்கே போய்விடலாம்.

இவற்றில் எதுவும் உயரத்துக்குப் பழக்காது. 2,500 மீட்டருக்கு மேலே மலைநோய் யாருக்கும் வரலாம். உடல் உறுதியானவர் வேகமாக ஏறி அதை வரவழைத்துக்கொள்வதும் உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதுதான் வழி.

இனி பணம். தூரம் கூடினால் பணம் கூடும் என்று நினைக்க வேண்டாம். 2020இல் இங்கிலாந்தில் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, தன் 100ஆவது பிறந்தநாளுக்குள் 25 மீட்டர் நீளமுள்ள தோட்டப் பாதையில் 100 நடை நடப்பதாக அறிவித்தார். மொத்தம் இரண்டரை கிலோமீட்டர். 1,000 பவுண்டு எதிர்பார்த்தவருக்கு 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் குவிந்தது. 1980இல் புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் திரட்டச் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடிய டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் 143ஆவது நாளில், 5,373 கிலோமீட்டரில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் கேட்டது ஆளுக்கு ஒரு டாலர். சில மாதங்களில் நாட்டின் மக்கள்தொகை அளவுக்கே டாலர் சேர்ந்துவிட்டது. இருவரிடமும் எளிதில் சொல்லிவிடக்கூடிய ஒரே எண் இருந்தது.

மாடிக்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்குவதா, மொத்தமாகவா? மொத்தமாகவே வாங்குங்கள். மாடிக்கணக்கு வைத்தால் இரண்டு தொல்லை. வசூலிக்கத் திரும்ப அலைய வேண்டும், அதில் பாதிப் பேர் மறந்திருப்பார்கள். அதைவிட மோசம், முழங்கால் வலிக்கும்போதும் ‘இன்னும் பத்து மாடி’ என்று பேராசை துரத்தும். பயணச் செலவு யார் பொறுப்பு என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேட்காவிட்டாலும் எல்லோர் மனத்திலும் அந்தக் கேள்வி இருக்கும்.

நாள் குறிப்பதில்தான் உண்டியலும் உடம்பும் நேருக்கு நேர் மோதும். புறப்படுவதற்கு முந்தின வாரம் ஆரவாரமாக முடித்தால் பணம் கூடும்; ஆனால் அந்தக் கடைசி இரண்டு வாரத்தில் தசைக்கு ஓய்வு வேண்டும். 492ஆவது கோட்டை மூன்று வாரம் முன்பே போட்டுவிட்டு, மீதி நாளை நன்றிக் கடிதம் எழுதவும் காலணியைப் பழக்கவும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை நான் சுவரில் இறங்குவதற்கும் தனிக் கோடு போடப்போகிறேன், வேறு நிறச் சாக்குக்கட்டியில். எண்ணுவதற்கு ஆள் இருக்கிறாள்.