ஸ்பீட்பால் 2: புள்ளிகள் சுவரில் இருக்கின்றன

கவசம் மாட்டிய ஒன்பது பேர், எதிரே அதே மாதிரி இன்னொரு ஒன்பது பேர், நாலு பக்கமும் உலோகச் சுவர், நடுவில் ஓர் இரும்புப் பந்து. ரெஃப்ரி கிடையாது. ஃபவுல் கிடையாது. பந்து வைத்திருப்பவனை அடிக்கலாம், வைத்திருக்காதவனையும் அடிக்கலாம். பிட்மேப் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1990-இல் அமிகா, அட்டாரி எஸ்டி கணினிகளுக்காக உருவாக்கிய ‘ஸ்பீட்பால் 2: புரூட்டல் டீலக்ஸ்’ பார்த்த மாத்திரத்தில் இவ்வளவுதான் சொல்லும். அமிகா வைத்திருந்த ஐரோப்பியர்கள் இதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பிளேஸ்டேஷனில் கண்விழித்த தலைமுறைக்குப் பெயர்கூடத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் ‘அடிதடி கேம்தானே’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அடிதடி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அடிதடியை மட்டும் நம்பி இறங்குகிறவர் முதல் சீசனிலேயே பட்டியலின் அடியில் கிடப்பார்.

கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. வருடம் 2105. இரண்டாம் டிவிஷனில் புதிதாகச் சேரும் புரூட்டல் டீலக்ஸ் என்ற சோப்ளாங்கி அணி உங்கள் கையில் தரப்படுகிறது. அதை முதல் டிவிஷனுக்கு ஏற்றி, அங்கே உச்சியில் உட்கார்ந்திருக்கும் சூப்பர் நஷ்வானை வீழ்த்த வேண்டும். (இதே நிறுவனத்தின் ‘ஜெனான் 2’ ஆடியவர்களுக்கு அந்தப் பெயர் சிரிப்பை வரவழைக்கும். அதில் விண்கலத்துக்குக் கொஞ்ச நேரம் அசுர பலம் தரும் ஆயுதத்தின் பெயர் அது.)

மைதானத்தை மேலிருந்து பார்க்கிறோம். கோல்கீப்பர் ஒருவர், பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் மூவர். வெளியே மூன்று மாற்று வீரர்கள். ஒரு பாதிக்கு 90 விநாடி, இரண்டு பாதி. ஆக மூன்றே நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். இந்த மூன்று நிமிடம்தான் கேமின் பெரிய பலம். தோற்றால் கோபம் ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கியிருக்கும்.

இனி முக்கியமான விஷயம். கோலுக்கு 10 புள்ளி. புதிதாக ஆடுகிறவர் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நேராக எதிர் கோலை நோக்கி ஓடுவார், நடுவழியில் மூன்று பேர் சேர்ந்து சாய்ப்பார்கள், பந்து போய்விடும். ஆனால் புள்ளிகள் மைதானம் முழுக்க இறைந்து கிடக்கின்றன. களத்தில் புடைத்து நிற்கும் குமிழ் மேடைகளில் பந்து பட்டால் ஒவ்வொரு முறையும் 2 புள்ளி. சுவரில் ஒவ்வோர் அணிக்கும் ஐந்து நட்சத்திரங்கள் உண்டு. ஒன்றை எரியவிட்டால் 2 புள்ளி, ஐந்தும் எரிந்தால் போனஸாக இன்னொரு 10. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து நட்சத்திரத்துக்கு 10, போனஸ் 10, மொத்தம் 20. கோல் பக்கமே எட்டிப் பார்க்காமல் இரண்டு கோலின் பலன். எதிரணி வீரர் ஒருவர் அடிவாங்கிச் சக்தி தீர்ந்து விழுந்தால், அவரைத் தூக்கிப்போக மருத்துவ ரோபோக்கள் வரும், உங்களுக்கு 10 புள்ளி சேரும். அடிதடிக்கு இந்த கேம் தரும் நேரடிக் கூலி இது ஒன்றுதான்.

இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது பக்கச் சுவரில் இருக்கும் வளைவுப் பாதை. அதற்குள் பந்தை ஒருமுறை ஏற்றினால் அதன்பிறகு உங்கள் அணி எடுக்கும் புள்ளிகள் ஒன்றரை மடங்கு ஆகும், இரண்டாம் முறை ஏற்றினால் இரண்டு மடங்கு. 10 புள்ளி கோல் முதலில் 15 ஆகும், பிறகு 20. எதிரணியும் சும்மா இருக்காது. அவர்கள் பந்தை அதே பாதையில் ஏற்றினால் நீங்கள் சேர்த்த பெருக்கல் இறங்கும். எரியும் உங்கள் நட்சத்திரங்களையும் அவர்கள் பந்தால் அடித்து அணைத்துவிடலாம்.

ஆகவே நல்ல ஆட்டத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. தொடக்கத்தில் பந்து நடுவிலிருந்து பாயும். அதைப் பிடித்ததும் கோலை மறந்துவிட்டு வளைவுப் பாதைக்குப் போங்கள், முடிந்தால் இரண்டு முறை ஏற்றுங்கள். அதற்கு 20, 25 விநாடி செலவானாலும் நஷ்டமில்லை. அடுத்து, வழியில் எட்டும் நட்சத்திரங்கள். கோல் அதற்குப் பிறகுதான். பெருக்கல் இரண்டில் நிற்கும்போது நீங்கள் போடும் ஒரு கோலுக்கு ஈடுகொடுக்க, பெருக்கல் இல்லாத எதிரணி இரண்டு கோல் போட்டாக வேண்டும். 90 விநாடியில் அது லேசான காரியமல்ல. பின்தங்கியிருக்கும்போதும் இதே வரிசைதான் கைகொடுக்கும். ஆனால் அப்போதுதான் எல்லோரும் பதறிப்போய்க் கோலுக்கு ஓடுகிறார்கள்.

சுவரில் இன்னும் இரண்டு சாமான்கள் உண்டு. ஒன்று, இரு பக்கமும் இருக்கும் பந்து வாயில்: இந்தப் பக்கம் நுழைந்த பந்து அந்தப் பக்கம் வெளிவரும். ஒரு பக்கம் கூட்டம் கூடி நெருக்கும்போது பந்தை அதற்குள் தள்ளிவிட்டால் மறுபக்கம் நிற்கும் உங்கள் ஆளுக்கு வெட்டவெளி கிடைக்கும். மற்றொன்று பந்துக்கு மின்சாரம் ஏற்றும் இடம். மின்னேறிய பந்து எதிரணிக்காரர்மேல் பட்டால் அவர் சாய்வார். கோலுக்கு முன்னால் கூட்டம் அடைத்து நிற்கும்போது இது தனியாக ஓர் ஆளுக்குச் சமம்.

கட்டுப்பாடு ஒரு ஜாய்ஸ்டிக், ஒரே ஒரு பட்டன். பந்து கையில் இருந்தால் பட்டனைத் தட்டினால் தாழ்வான எறி, அழுத்திப் பிடித்தால் உயரமான எறி. பந்து இல்லாதபோது அதே பட்டன் அடிக்கவும் சறுக்கிச் சாய்க்கவும் உதவும், பந்து தலைக்கு மேலே வந்தால் எம்பிப் பிடிக்கவும் உதவும். ஒரே பட்டனுக்கு இத்தனை வேலை என்பதால் ஒரு தவறு எல்லோருக்கும் நேரும்: பந்தைப் பிடுங்கப் பட்டனை அழுத்துவீர்கள், அதே கணத்தில் பந்து தானாகக் கைக்கு வந்துவிடும், உங்கள் அழுத்தம் எறியாக மாறிப் பந்து எங்கோ போய் விழும். இதற்கு மருந்து, பந்து நேராக உங்கள் ஆளை நோக்கி வரும்போது பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடுவதுதான். சறுக்கலிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. குறி தவறினால் உங்கள் ஆள் எழுந்து நிற்கும்வரை அந்த இடம் காலி. எதிராளி பக்கத்தில் வந்தபிறகு அழுத்துங்கள், துரத்திக்கொண்டே அழுத்தாதீர்கள்.

எந்த வீரர் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறார் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. பந்துக்கு அருகில் இருப்பவரைக் கேமே எடுத்துக் கொடுக்கும். பெரும்பாலும் சரியாகத்தான் எடுக்கும், சில சமயம் பந்து சுவரில் பட்டுத் திரும்பும்போது தவறான ஆளைத் தரும். திரையில் மைதானத்தின் ஒரு பகுதி மட்டுமே தெரிவது இன்னொரு தொல்லை. முன்வரிசையினர் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியாமலே எறிய வேண்டிவரும். ஆனால் வீரர்கள் தங்கள் இடத்தை விட்டு அதிகம் அலைவதில்லை. நடு வரிசையின் இடது ஆளுக்கு நேர் முன்னால் முன்வரிசையின் இடது ஆள் இருப்பார் என்று நம்பி உயரமாக எறியலாம். பத்துப் பதினைந்து ஆட்டத்தில் இது கைக்குப் பழகிவிடும்.

பணம் இரண்டு வழியில் வரும். களத்தில் தோன்றும் காசுகளை ஓடிப் பொறுக்கலாம், ஆட்டம் முடிந்ததும் சன்மானம் கிடைக்கும். காசோடு கூடவே அடையாள வில்லைகளும் தோன்றும். எதிரணியை உறையவைப்பது, எல்லோரையும் ஒரே அடியில் சாய்ப்பது, எதிராளியின் ஜாய்ஸ்டிக்கைத் தலைகீழாக்குவது என்று பல வகை உண்டு. இருவர் ஆடும்போது கடைசியாகச் சொன்னதை எடுத்தால் நட்பு கொஞ்சம் ஆட்டம் காணும். முன்னணியில் இருக்கும்போது காசு பொறுக்குங்கள். பின்தங்கியிருக்கும்போது காசுக்காகப் பந்தை விட்டவர், ஆட்டத்தையும் விட்டவர்தான்.

சேர்த்த பணத்தைச் செலவழிக்க ஜிம்மும் வீரர் சந்தையும் இருக்கின்றன. ஒவ்வொரு வீரருக்கும் ஆக்ரோஷம், தாக்குதல், தற்காப்பு, வேகம், எறிதல், பலம், தாங்குசக்தி, அறிவு என்று எட்டு அளவுகள். ஜிம்மில் வாங்கும் கவசத் துண்டுகள் இவற்றை ஏற்றும், தனி ஆளுக்கும் வாங்கலாம், ஒரு வரிசை முழுவதற்கும் வாங்கலாம். புதியவர்கள் செய்யும் தவறு, முதல் பணத்தை அணி முழுக்கச் சமமாகப் பிரிப்பது. ஒன்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சம் ஏறினால் களத்தில் வித்தியாசமே தெரியாது. நடு வரிசையின் மையத்தில் நிற்பவரில் தொடங்குங்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் பந்து அவர் பக்கத்தில்தான் பாய்கிறது, சுவர்ப் பக்கமும் அவர் வழியாகத்தான் போகிறோம். அவருக்கு வேகமும் எறிதலும் முதலில், பிறகு பலம். அடுத்தது முன்வரிசையின் மைய ஆள். கோல்கீப்பரை மறப்பவர்கள் முதல் டிவிஷனுக்குப் போனபிறகுதான் வருத்தப்படுவார்கள். இரண்டாம் டிவிஷன் பாதி தாண்டியதும் அவருக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிடுவது நல்லது. சந்தையில் கிடைக்கும் நட்சத்திர வீரர்கள் பார்க்கப் பிரமாதம்தான், ஆனால் விலையைப் பார்த்தால் அதே காசில் கையிலிருக்கும் மூவரைத் தேற்றிவிடலாம்.

ஒவ்வொரு டிவிஷனிலும் எட்டு அணிகள், ஒவ்வொன்றோடும் இரண்டு முறை, ஆக சீசனுக்கு 14 லீக் ஆட்டம். கப் போட்டிகள் தனி. நேரமில்லாதவர் நாக் அவுட் மட்டும் ஆடலாம், ஆனால் ஜிம்மும் சந்தையும் ருசிப்பது லீக்கில்தான்.

டான் மலோன் வரைந்த உருவங்கள் இன்றும் கெடவில்லை. சாம்பலும் நீலமுமான உலோகப் பளபளப்பு, ஒவ்வொரு கவசத்திலும் ஒளி விழும் கோணம், அவ்வளவு சின்னத் திரையில் எப்படி அடைத்தார் என்று வியக்கலாம். ரத்தம் தெறிக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். விழுகிறார்கள், தூக்கிப்போகிறார்கள், அவ்வளவுதான். ரிச்சர்ட் ஜோசப்பின் ஒலி வேலை இன்னும் ஒரு படி மேலே. இரும்பில் இரும்பு மோதும் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், நடுவே எங்கிருந்தோ ‘ஐஸ்கிரீம்! ஐஸ்கிரீம்!’ என்று கூவி விற்கும் குரல். ஒருவன் எலும்பு நொறுங்கி விழும்போது வரும் அந்தக் குரல், எதிர்காலத்தைப் பற்றி எந்த அறிமுக உரையும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

குறைகளும் உண்டு. கணினி அணிகளின் புத்தி குறைவு. ஒரே வழியில் திரும்பத் திரும்பத் தாக்கினாலும் முழுமையாகக் கற்றுக்கொள்ளாது. உங்கள் ஆட்கள் நன்றாகத் தேறிவிட்ட பிறகு நடுத்தர அணிகளோடு ஆடுவது சலிப்பூட்டும். வெற்றி வித்தியாசத்தை ஏற்றிக்கொண்டே போவது தவிர அங்கே வேலை இல்லை. இருவர் ஆடும்போது இந்தக் குறை காணாமல் போகும். அப்போதுதான் வளைவுப் பாதைக்காக நடக்கும் உண்மையான யுத்தத்தைப் பார்க்கலாம்.

எந்தப் பதிப்பை ஆடுவது? 2007-இல் எக்ஸ்பாக்ஸின் இணையக் கடையான எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேடுக்கு ஒன்று வந்தது, 2013-இல் கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் எச்டி பதிப்பு வந்தது. எச்டி பதிப்பில் விதிகள் ஏறக்குறைய அப்படியே இருந்தாலும் பழைய உருவங்களின் கனம் அதில் இல்லை. எங்கள் வாக்கு அமிகா பதிப்புக்கே. எமுலேட்டரில் (பழைய கணினியை இன்றைய கணினியில் போலச்செய்து ஓட்டும் மென்பொருள்) ஆடினால் அமிகா 500 அமைப்பும், அமிகாவைத் தொடங்கவைக்கும் கிக்ஸ்டார்ட் மென்பொருளின் 1.3 பதிப்பும் போதும். திரை வேகத்தைக் கண்டிப்பாக ஐரோப்பிய டிவி முறையான PAL-க்கு, அதாவது விநாடிக்கு 50 முறை திரை மாறும் 50 ஹெர்ட்ஸுக்கு வையுங்கள். 60-இல் ஓடவிட்டால் ஆட்டம் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி, எறியும் நேரமெல்லாம் பிசகும். ‘இது ரொம்பக் கஷ்டம்’ என்று விட்டுப்போனவர்களில் சிலர் இந்த ஓர் அமைப்பைச் சரிபார்க்காதவர்களாக இருக்கலாம். ஜாய்ஸ்டிக்கை இரண்டாம் போர்ட்டில் இணையுங்கள். அனலாக் குச்சியை விட திசைப் பட்டன்கள் நல்லது, இந்த கேமுக்கு எட்டு திசைகள் மட்டுமே தெரியும். கீபோர்டில் இருவர் சேர்ந்து ஆடினால் பல சாவிகளை ஒரே நேரத்தில் அழுத்தும்போது சில பதிவாகாமல் போகும். ஒருவருக்காவது கண்ட்ரோலர் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோற்றவர் சாவிப்பலகையைத்தான் குறை சொல்வார்.