கறிவேப்பிலைச் சாறு பாட்டில்: எங்கள் வீட்டில் நடந்தது

போன மாதம் பாலக்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச சர்க்கரைப் பரிசோதனை என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். அம்மா போய்விட்டு 2 பாட்டில் கறிவேப்பிலைச் சாறோடு திரும்பினார். ஒன்று 850 ரூபாய். எங்கள் கொல்லையிலேயே கறிவேப்பிலை மரம் நிற்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"மூணு மாசம் குடிங்கம்மா, அப்புறம் மாத்திரையே வேண்டாம்" என்றிருக்கிறான் விற்றவன். அம்மா அன்றைக்கே சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார், எங்களிடம் மூச்சு விடவில்லை. இருபது நாள் கழித்து ராத்திரியில் நாலு தடவை எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தபோதுதான் சந்தேகம் தட்டியது. வெறும் வயிற்றில் சர்க்கரை 286. வழக்கமாக 130 சுற்றி இருக்கும்.

நோட்டீஸில் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருந்தது. முழுப் பொய்யும் இல்லை, அதுதான் வம்பு. கறிவேப்பிலையில் மகானிம்பின் போன்ற ஆல்கலாய்டுகள் (செடிகளில் இயல்பாக உருவாகும் ஒருவகை வேதிப்பொருள்கள்) உண்டு. அதன் சாரத்தைக் கொடுத்தபோது, சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்குச் சர்க்கரை குறைந்ததாக ஆய்வுகளும் உண்டு. ஆனால் அதெல்லாம் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து கொடுத்தது, அதுவும் எலிக்கு. இந்தப் பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று எந்த மூலையிலும் எழுதவில்லை.

நிறமும் உறுத்தியது. ஒரு ஸ்பூன் சாறை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினேன். கிளிப்பச்சை. கொல்லை இலையை அரைத்து வடிகட்டிப் பக்கத்தில் வைத்தேன். காலையில் எங்களுடையது கறுத்துப் பழுப்பேறிக் கிடந்தது. அவனுடையது அப்படியே பளபளத்தது, தட்டைக் கழுவியும் பச்சை வளையம் போகவில்லை. சாயம்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். லேபிளில் எண்ணினால் 11.

விற்றவனுக்குப் போன் செய்தேன். "பில் இருக்கா சார்?" கொடுத்தால்தானே இருக்கும். அதற்கப்புறம் நம்பர் சுவிட்ச் ஆஃப்.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நோட்டீஸையும் பாட்டிலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் புகார் சொல்லியிருக்கிறேன். பணம் வருமா, தெரியாது. அம்மா மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். களிக்குக் கறிவேப்பிலைத் துவையலும் வழக்கம்போல.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பாட்டிலை வாங்கியிருந்தால், திட்டுவதற்கு முன்னால் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள்.