கிளிக்குக்குக் காசு கேட்கிறார்களா? எண்ணுவது யார் என்று பாருங்கள்

க்யூஆர் கோடும் ஷார்ட் லிங்க்கும் (நீண்ட இணைய முகவரிக்குப் பதிலான குறுமுகவரி) நாங்களே செய்து தருகிறோம், எத்தனை பேர் வந்தார்களோ அதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்று யாராவது வந்தால், கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் பயிற்சிக் கையேட்டின் பின்னட்டையில் அச்சிட ஒரு க்யூஆர் கோடு, மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்ப ஒரு லிங்க், இவ்வளவுதான் வேலை. ஒரு விளம்பர நிறுவனம் எடுத்துக்கொண்டது. கிளிக் வாரியாகக் கட்டணம்.

மாத முடிவில் வந்த அறிக்கை கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. வண்ண வரைபடம், ஊர் வாரிப் பட்டியல், 'தனித்த பார்வையாளர்கள்' என்று பெரிய எழுத்தில் ஓர் எண், கூடவே பில். ஆனால் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் தளத்தில் இருக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டிய வருகை அவர்கள் சொன்னதில் பாதிகூட இல்லை.

கேட்டதும் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார்கள்: "உங்கள் கணக்குதான் குறைவாகக் காட்டுகிறது. குக்கீ வேண்டாம் என்பவர்கள், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் எல்லாம் அதில் விழ மாட்டார்கள்." இதில் பாதி உண்மை. அனலிட்டிக்ஸ் பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பார்ப்பவரின் பிரவுசரில் ஓடினால்தான் எண்ணும். அதனால் இரண்டு கணக்குக்கும் இடையே வித்தியாசம் இருப்பதை மட்டும் வைத்து யாரையும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மீதிப் பாதியைத்தான் அவர்கள் சொல்லவில்லை. ஷார்ட் லிங்க் சர்வர் எண்ணுவது ஆட்களை அல்ல, லிங்கைத் திறக்கச் சொல்லித் தன்னிடம் வந்த கோரிக்கைகளை. அந்தக் கோரிக்கையை மனிதர் அனுப்பினாரா இயந்திரம் அனுப்பியதா என்று பிரித்துப் பார்ப்பது தனி வேலை. கிளிக்குக்குக் காசு வாங்குகிறவருக்கு அந்த வேலையைச் செய்ய என்ன அவசரம்?

விடாமல் நச்சரித்து மூல லாக் கோப்பை (ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் பதிந்துவைக்கும் குறிப்பேடு) வாங்கினோம். முதலில் நேரமும் ஊரும் மட்டும் உள்ள எக்செல் ஒன்றை அனுப்பிச் சமாளிக்கப் பார்த்தார்கள். யூசர் ஏஜென்ட் (கேட்டது எந்த பிரவுசர் அல்லது செயலி என்ற அடையாளம்), கோரிக்கை வகை ஆகிய இரண்டு நெடுவரிசைகளும் இல்லாமல் பணம் கிடையாது என்றதும் முழுக் கோப்பு வந்தது. அதைத் திறந்தவுடனே விஷயம் தெரிந்துவிட்டது.

மின்னஞ்சல் போன சில நொடிகளுக்குள் ஒரு பெரும் கூட்டமாகக் 'கிளிக்'. அத்தனையும், ஆட்களின் போன்களிலிருந்து அல்ல, சர்வர்கள் இருக்கும் டேட்டா சென்டர்களின் ஐபி முகவரிகளிலிருந்து (இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள எண்). அலுவலக அஞ்சல் பெட்டிகளைக் காக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள், அஞ்சல் உள்ளே நுழையும்போதே அதிலுள்ள லிங்குகளைத் திறந்து, வைரஸ் இருக்கிறதா என்று சோதிப்பது வழக்கம். பெறுநர் அஞ்சலைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். அடுத்த கூட்டம் முன்னோட்டம் எடுப்பவை. வாட்ஸ்அப்பில் லிங்கை ஒட்டியதுமே தலைப்பும் படமும் வருகிறதே, அதற்காக அனுப்புகிறவரின் செயலி அந்த லிங்கைப் போய்த் தட்டுகிறது. ஃபேஸ்புக்கும் டெலிகிராமும் தங்கள் சர்வரிலிருந்தே தட்டும். ஒளித்தும் செய்வதில்லை, யூசர் ஏஜென்டில் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. பெயரைப் பார்த்துக் கழித்திருந்தாலே போதும். ஹெட் வகைக் கோரிக்கைகளையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். மனிதர் லிங்கைத் தொட்டால் பிரவுசர் அனுப்புவது கெட் கோரிக்கை. பக்கமே வேண்டாம், தலைப்பு விவரம் மட்டும் போதும் என்று கேட்பது பெரும்பாலும் ஏதோ ஒரு நிரல்தான். நிரல் வந்து பயிற்சியில் உட்காரப் போகிறதா என்ன?

'தனித்த பார்வையாளர்' கதை இன்னும் மோசம். ஐபியும் யூசர் ஏஜென்ட்டும் புதிதாக இருந்தால் புது ஆள். அலைபேசி வலையில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். இன்ஸ்டாகிராம் உள்ளே திறந்தால் அதன் பிரவுசர் வேறு, வெளியே திறந்தால் வேறு. ஆக ஒரே ஆள் மூன்று நான்கு பேராகிவிடுவார். ஒரே வைஃபையில் ஒரே மாதிரி போன் வைத்திருக்கும் ஐந்து பேர் ஒருவராகச் சுருங்குவதும் நடக்கும், ஆனால் அதை அவர்கள் குறையாகச் சொல்லவே இல்லை.

ஊர் வாரிப் பட்டியலுக்கும் தனியாகக் காசு கேட்டார்கள். ஐபியை வைத்து நாட்டைச் சொல்வது ஓரளவு சரியாக வரும், ஊர் என்று வந்தால் ஊகம்தான். மேக்ஸ்மைண்ட் என்ற ஐபி தரவு நிறுவனம், அமெரிக்காவில் எங்கே என்று தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை வைத்திருந்தது. அது கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டருகே விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அங்கே 'குடியிருந்தன'. யாரோ செய்த குற்றத்துக்கெல்லாம் விசாரிக்க வந்தவர்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். 2016ல் செய்தியான பிறகுதான் புள்ளியை நகர்த்தினார்கள்.

இவற்றையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சத்துக்குப் பணம் தருகிறோம் என்று எழுதினோம். பதில் வரவில்லை. அப்புறம் ஒருநாள் கையேடு வாங்கியவர் ஒருவர் அழைத்து, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் 'கணக்கு முடக்கப்பட்டது' என்று வருகிறதே என்றார். அச்சிட்ட பிரதிகள் அத்தனையும் வீண்.

இங்கேதான் பலருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. 1994ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் உருவாக்கிய க்யூஆர் கோடு வெறும் எழுத்துகளைக் கட்டங்களாக வரைந்து வைப்பது. அதற்கு எண்ணத் தெரியாது, காலாவதியும் ஆகாது. 'டைனமிக் கோடு' என்று விற்பதெல்லாம் உள்ளே ஒரு ஷார்ட் லிங்கை வைத்திருப்பதுதான். எண்ணுவதும் திருப்பி விடுவதும் அந்த லிங்கின் டொமைனுக்கு (தளப் பெயருக்கு) உரியவர். டொமைன் அவருடையது என்றால் பூட்டும் அவருடையதுதான்.

இப்போது எங்கள் சொந்த டொமைனிலேயே ஒரு சிறு முகவரி வைத்து, அதையே அச்சிடுகிறோம். அங்கிருந்து உண்மையான பக்கத்துக்கு ரீடைரக்ட், அதாவது திருப்பி விடுதல். அதையும் தற்காலிகம் என்று பொருள்படும் 302 ஆக வைத்திருக்கிறோம். நிரந்தரம் என்று பொருள்படும் 301 என்றால் பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை நம்மைத் தொடாமலே நேராகப் போய்விடக்கூடும், பின்னால் இலக்கை மாற்றுவதும் சிரமம். பின்னட்டைக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று யூடிஎம் குறிகளும் (எங்கிருந்து வந்தார் என்று சொல்ல லிங்கின் வாலில் ஒட்டுபவை) தனித்தனி. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வருபவர்கள் குறி இல்லாவிட்டால், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல், அனலிட்டிக்ஸில் 'டைரக்ட்' என்ற பொதுக் குப்பையில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

வெளியாரிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எவை கிளிக் ஆகாது என்பதையும் மூல லாக் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தனியுரிமை காரணமாகத் தர முடியாது என்பார்கள். ஐபியின் கடைசிப் பகுதியை அழித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். பாட்களை, அதாவது தானியங்கி நிரல்களைப் பிரிக்க நேரமும் யூசர் ஏஜென்ட்டும் கோரிக்கை வகையும் இருந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.