நமீபியாவில் வாடகை வண்டி எடுக்கிறீர்களா? ஸ்டெப்னியை இறக்கிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்

நமீபியாவில் வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகத் திட்டமிடுகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தலைநகர் விண்ட்ஹூக்கில் ஒரு நிறுவனம் எங்களுக்குக் கொடுத்த வண்டியில் இருந்த இரண்டு ஸ்டெப்னியும் லாயக்கில்லாதவை. அது எங்களுக்குத் தெரியவந்ததோ போன் சிக்னலே இல்லாத பாலைவனச் சாலையில். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படிப்பட்ட டயரை மாட்டி ஒரு குடும்பத்தை அந்த ஊர்ச் சாலைக்கு அனுப்பினார்களே, அதுதான் ஆறவில்லை.

அந்த நாட்டைப் பார்க்காதவர்களுக்கு இதில் என்ன இவ்வளவு பதற்றம் என்று தோன்றலாம். பரப்பளவு சுமார் 8.25 லட்சம் சதுர கிலோமீட்டர். 2023 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் தொகையே 30 லட்சம்தான். பி என்று தொடங்கும் நெடுஞ்சாலைகள் தார் போட்டவை. சி, டி என்று தொடங்குகிறவற்றில் பெரும்பகுதி சரளைச் சாலை. கூரான கல், நடுவில் மணல் திட்டு, சில இடங்களில் தகரக் கூரை போல வரிவரியாக மேடுபள்ளம். இதில் டயர் கிழிவது அபூர்வமே இல்லை. அதனால்தான் அங்கே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இரண்டு ஸ்டெப்னி கேட்டு வாங்குவார்கள். நாங்களும் கேட்டோம், அதற்குத் தனியாகப் பணமும் கட்டினோம், ரசீதிலும் இருக்கிறது.

வண்டி கைக்கு வந்ததே மாலை நேரத்தில். காலையில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். "கழுவிக்கொண்டிருக்கிறோம், இதோ ஆயிற்று" என்று இழுத்தடித்தார்கள். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி உண்டு. அது நியாயமான விதிதான், இரவில் குடூ மான்கள் குறுக்கே பாய்ந்து நடக்கும் விபத்துகள் அங்கே நிறைய. ஆனால் அதே விதியைச் சொல்லித்தான் எங்களை அவசரப்படுத்தினார்கள். "எல்லாம் பார்த்தாயிற்று, கையெழுத்துப் போடுங்கள், இப்போதே கிளம்பினால்தான் வெளிச்சத்தில் போய்ச் சேரலாம்." கூடாரத்தை விரிப்பது எப்படி, குளிர்பெட்டியை எங்கே சொருகுவது என்றெல்லாம் பொறுமையாகக் காட்டிய அந்த ஆள், ஸ்டெப்னி பக்கம் மட்டும் கையால் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். என் அண்ணி மட்டும் வண்டியைச் சுற்றி வந்து போனில் வீடியோ எடுத்து வைத்தார். பின்னால் எங்களைக் கொஞ்சமாவது காப்பாற்றியது அதுதான்.

சோசுஸ்வ்லேய் மணல்மேடுகளைப் பார்த்துவிட்டு சாலிடேர் வழியாக சி14 பிடித்து கடலோர ஊரான வால்விஸ் பே நோக்கிப் போனோம். கௌப் கணவாய், அப்புறம் குய்செப் கணவாய். அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சமவெளி, மரம்கூடக் கிடையாது. அங்கேதான் பின்சக்கரம் கிழிந்தது. அண்ணன் பதறாமல் பிரேக்கை மிதிக்காமல் ஓரம் கட்டினார். சரி, இதற்குத்தானே இரண்டு ஸ்டெப்னி என்று இறங்கினோம்.

முதலில், கருவிப் பையில் இருந்த வீல் ஸ்பேனர் அந்த வண்டியின் நட்டுக்குப் பொருந்தவில்லை. வேறு ஏதோ வண்டியுடையது. மாட்டித் திருப்பினால் வழுக்குகிறது. அடுத்து, தளத்துக்கு அடியில் தொங்கிய டயரை இறக்கினோம். காற்றே இல்லை. அடித்துப் பார்த்தபோது பக்கவாட்டில் சீறியது. புழுதியைத் துடைத்தால், பக்கச்சுவரில் ரப்பர் திரி சொருகி அடைத்திருக்கிறார்கள். டயர் வேலை தெரிந்த யாரும் பக்கச்சுவரில் திரி அடைக்கமாட்டார்கள். ஓடும்போது வளைந்து கொடுக்கிற இடம் அது, ஒட்டு நிற்காது. பின்கதவில் மாட்டியிருந்த இன்னொன்று பார்வைக்குப் புதிது போல இருந்தது. பட்டன் தேயவே இல்லை, கறுப்பு மெருகு வேறு பூசியிருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்ததும் மெருகு கையோடு வந்தது. அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 1612. அதாவது 2012-ஆம் ஆண்டின் 16-ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் சும்மா இருந்தாலும் பத்தாண்டு ஆன டயரைத் தூக்கிப் போடச் சொல்கின்றன பல டயர் நிறுவனங்கள்.

வெயிலில் காத்திருந்தோம். கடைசியில் பக்கியில் (பிக்கப் வண்டிக்கு அந்த ஊர்ப் பெயர் அதுதான்) வந்த ஒரு விவசாயத் தம்பதி நிறுத்தினார்கள். அவர்கள் ஸ்பேனரைக் கொண்டு அந்தப் பழைய டயரையே மாட்டினோம். அந்த அம்மா டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நாங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தோம். வால்விஸ் பே வரை எங்கள் பின்னாலேயே அவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்?

ஊருக்குள் வந்து சிக்னல் கிடைத்ததும் நிறுவனத்துக்குப் போன் செய்தோம். "புது டயர் வாங்கிக்கொள்ளுங்கள், பில்லைக் கொண்டுவாருங்கள், திருப்பித் தருகிறோம்" என்றார்கள். 3,900 நமீபிய டாலர் கொடுத்து வாங்கினோம். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னதை எழுத்தில் அனுப்பச் சொன்னதற்கு மட்டும் பதிலே இல்லை.

அதன் பிறகு எட்டோஷா தேசியப் பூங்காவில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பதும் சரளைச் சாலைதான், வேகம் 60-க்கு மேல் கூடாது. முகாம்களிலும் வேலி போட்ட ஓய்விடங்களிலும் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. சிங்கம் நடமாடும் காட்டில் ஸ்டெப்னி மாற்றுகிற நிலைமை வந்தால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே ஓட்டினோம். ஒக்கௌகுயேஜோ முகாமில் இரவு விளக்கொளியில் யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூட, மறுநாள் அடுத்த முகாமான நமுட்டோனி வரை டயர் தாங்குமா என்றுதான் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று கதையே மாறியது. கொடுக்கும்போது தட்டிவிட்டுப் போன அதே ஆள், டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். டயர் பணம் தரமுடியாது, நீங்கள் வேகமாக ஓட்டினீர்கள், வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி 104 என்று பதிந்திருக்கிறது என்றார். சரளையில் 80-ஐத் தாண்டக் கூடாது என்பது ஒப்பந்தம். பதிவை அச்செடுத்துத் தரச் சொல்லி அண்ணன் விடாப்பிடியாக நின்றார். தாள் வந்தது. அந்த 104 பதிவானது பி1 நெடுஞ்சாலையில், விண்ட்ஹூக்கிலிருந்து ரெஹோபோத் போகும் தார் சாலையில்! அங்கே அனுமதித்த வேகமே 120. இதைக் காட்டியதும் மேலாளர் பேச்சை மாற்றினார்: டயர் எப்படியும் உங்கள் காப்பீட்டில் சேராது.

"முழுக் காப்பீடு" என்று சொல்லித்தான் விற்றார்கள். டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி, மணற்காற்றில் பெயின்ட் உரிதல், வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்தல் எல்லாமே விலக்கு என்று பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கிறது. சரளையில் வெளிநாட்டினர் மாட்டிக்கொள்கிற விபத்தில் பெரும்பாலானவை இப்படித் தானாகக் கவிழ்வதுதான். அதற்குச் செல்லாத காப்பீட்டை முழுக் காப்பீடு என்று சொல்வது பச்சைப் பொய்.

அதோடு விடவில்லை. முன்கண்ணாடியில் கல் பட்ட புள்ளி ஒன்றுக்கு 6,200 நமீபிய டாலர், அடிப்பகுதிச் சோதனைக் கட்டணம் என்று 1,800 நமீபிய டாலர், இரண்டையும் டெபாசிட்டுக்காகப் பிடித்து வைத்திருந்த கிரெடிட் கார்டில் எங்களைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள். அந்தப் புள்ளி அண்ணியின் வீடியோவில், வண்டி அவர்கள் வளாகத்தை விட்டு நகர்வதற்கு முன்பே, தெளிவாக இருக்கிறது. வீடியோ, ஒப்பந்தம், ரசீது, அந்த வேகப் பதிவுத் தாள் எல்லாவற்றையும் இணைத்து வங்கியில் முறையிட்டோம். கண்ணாடிப் பணத்தை வங்கி மீட்டுக் கொடுத்தது. சோதனைக் கட்டணம் விசாரணையில் இருக்கிறது. கையில் கொடுத்து வாங்கிய டயருக்கு வங்கி ஒன்றும் செய்ய முடியாது என்றுவிட்டார்கள்.

போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். முன்பணம் கட்டும் முன்பே ஆறு டயரின் தயாரிப்புக் குறியீட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கான நிறுவனம் அனுப்பிவிடும், மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள். எது காப்பீட்டில் சேரும், எது சேராது என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதுவும் திரும்பி வரும்போது செல்லாது. வண்டியை வாங்கும் நாளில் வேறு எங்கும் போகத் திட்டம் வைக்காதீர்கள், இரவை விண்ட்ஹூக்கிலேயே கழியுங்கள். அப்போது இருட்டைக் காட்டி யாரும் உங்களை விரட்ட முடியாது. அவர்கள் வளாகத்திலேயே அவர்கள் ஆளை வைத்து ஜாக்கி போட்டு, பையில் இருக்கும் ஸ்பேனரால் ஒரு சக்கரத்தையாவது கழற்றி மாட்டச் சொல்லுங்கள். அடியில் தொங்கும் ஸ்டெப்னியைத் தரையில் இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, காற்று அளந்து பாருங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். சி14-இல் நிற்கும்போது அவர்கள் யாரும் வரப்போவதில்லை.