விர்ச்சுவல் ஆபீஸ், விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று நம்பி 54,280 ரூபாய் போனது: ஆன்லைன் வியாபாரிகள் கவனிக்கவும்

54,280 ரூபாய். வெளிமாநில முகவரிக்கு ஒரு வருடத்துக்கு 16,000, விர்ச்சுவல் அசிஸ்டென்ட் (நேரில் வராமல் போன், ஆன்லைன் வழியாக நமக்கு வேலை பார்க்கும் உதவியாளர்) ஆறு மாதத்துக்கு 30,000, இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி 8,280. பணம் போனதோடு முடிந்திருந்தால் தலைமுழுகிவிட்டுப் போயிருப்பேன். பெங்களூரு குடோனில் என் சரக்கு மாட்டிக்கொண்டு நிற்கிறது, அங்கே வாங்கிய ஜிஎஸ்டி நம்பர் சஸ்பெண்ட் ஆகிக் கிடக்கிறது. இதே வழியில் போக இருக்கும் சின்ன வியாபாரிகள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் கரூரில் பெட்ஷீட், கிச்சன் டவல் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். பெரிய விற்பனைத் தளங்களின் குடோனில் சரக்கை முன்கூட்டியே வைத்தால் டெலிவரி சீக்கிரம் ஆகும், விற்பனையும் ஏறும். ஆனால் வேறு மாநிலத்துக் குடோனில் வைக்க வேண்டும் என்றால் அந்த மாநிலத்தில் தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டும். தமிழ்நாட்டு நம்பர் 33-ல் தொடங்கும், கர்நாடகா நம்பர் 29-ல் தொடங்கும். அந்த 29 நம்பருக்கு அங்கே முதன்மை வணிக இடம் என்று ஒரு முகவரி காட்டி, குடோனைக் கூடுதல் இடமாகச் சேர்க்க வேண்டும். இந்த முகவரியைத்தான் விர்ச்சுவல் ஆபீஸ் கம்பெனிகள் விற்கின்றன. வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்), கரண்ட் பில் என்று மூன்றையும் கையில் கொடுத்துவிடுவார்கள்.

விளம்பரத்தைப் பார்த்து விசாரித்ததும் ஒரு பையன் போன் செய்தான். நல்ல தமிழ், அக்கா அக்கா என்று பேச்சு. நான் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான். "ஆபீசர் நேர்ல வந்து பார்த்தா என்ன ஆகும் தம்பி?"

"அதுக்குத்தானேக்கா நாங்க இருக்கோம். ரிசப்ஷன்ல எப்பவும் ஆள் இருக்கும். உங்க கம்பெனி போர்டு மாட்டி போட்டோ அனுப்பிடுவோம். வி.ஏ., அதான் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் பேக்கேஜும் சேர்த்து எடுத்துட்டீங்கன்னா கன்னடம் பேசுற பொண்ணு ஒண்ணு உங்களுக்கே தனியா. வர்ற தபாலை அன்னைக்கே ஸ்கேன் பண்ணி அனுப்பும், ஆபீசர் வந்தா பேசிக்கும். நீங்க கரூர்ல நிம்மதியா தையலைப் பாருங்க."

இந்தப் பதிலுக்காகத்தான் பணம் போட்டேன். முகவரி மட்டும் என்றால் 16,000-த்தோடு முடிந்திருக்கும். ஆள் இருப்பார், பேசுவார், தபால் கைக்கு வரும் என்ற உறுதிமொழிக்குத்தான் மேற்கொண்டு 30,000. விண்ணப்பம் போட்டபோது ஆதார் ஓடிபி என் போனுக்குத்தான் வந்தது. போர்டு படமும் வந்தது, கண்ணாடிக் கதவில் என் கடைப் பெயர், ஜிஎஸ்டி நம்பரோடு. சர்டிபிகேட் வந்த அன்றைக்கு அந்தப் பையனுக்கு நன்றி சொல்லி வாய்ஸ் மெசேஜ் வேறு போட்டேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அசிஸ்டென்ட் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தார். காலையில் ஒரு வணக்கம், ரிட்டர்ன் கேட்ட வாடிக்கையாளர்களுக்குப் பதில், மாலையில் ஒரு லிஸ்ட். பிறகு எதைக் கேட்டாலும் "நோட்டட், வில் அப்டேட்" என்ற ஒரே பதில். போன் செய்தால் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு குரல்கள் பேசின, ஒரு தடவை ஆண் குரல். ஒரே வாட்ஸ்அப் நம்பரை ஷிஃப்ட் போட்டுப் பலர் பார்த்துக்கொண்டு, எத்தனை கடைக்காரர்களுக்கு "தனி அசிஸ்டென்ட்" நடத்தினார்களோ. அத்தனை நாளில் ஒரு தபால்கூட ஸ்கேன் ஆகி வரவில்லை. தபாலே வரவில்லை என்றார்கள்.

அப்புறம் ஒருநாள் கர்நாடகா ஆர்டர்கள் மொத்தமாக நின்றன. விற்பனைத் தளத்தின் பக்கத்தில் ஜிஎஸ்டி நம்பர் செயலில் இல்லை என்று சிவப்பு எழுத்து. ஆடிட்டர் போர்ட்டலில் நுழைந்து பார்த்தால் ரெக்-17 நோட்டீஸ், அதாவது பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்கும் நோட்டீஸ் வந்து கிடக்கிறது. சொன்ன இடத்தில் வியாபாரமே நடக்கவில்லை என்பது காரணம். ஏழு வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும், அந்தக் கெடு தாண்டிவிட்டது. நோட்டீஸோடு பதிவையும் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அந்த நம்பரில் விற்கவும் முடியாது, சரக்கை அனுப்ப வேண்டிய இ-வே பில்லும் போட முடியாது.

எனக்கு ஏன் தெரியவில்லை? இங்கேதான் வயிறு எரிகிறது. விண்ணப்பத்தில் மின்னஞ்சல், மொபைல் என்ற இடத்தில் அவர்கள் தங்களுடையதைப் போட்டிருக்கிறார்கள். ஆதார் ஓடிபி ஆதாரில் இருக்கும் போனுக்குத்தான் வரும், அதனால் அது மட்டும் எனக்கு வந்தது. துறையிலிருந்து வந்த மற்ற எல்லாமே அவர்களுடைய மெயில் பெட்டிக்குப் போயிருக்கிறது. என் பெயரில் வந்த நோட்டீஸைப் பிரித்துப் பார்க்கக்கூட ஆளில்லை. அதைப் பார்த்துச் சொல்வதற்குத்தானே மாதம் 5,000 வாங்கினார்கள்?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தி பையனை அந்த முகவரிக்கு அனுப்பினேன். இரண்டாவது மாடியில் ஒற்றை அறை, பூட்டிக் கிடந்ததாம். ரிசப்ஷனும் இல்லை, கண்ணாடிக் கதவும் இல்லை. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் சிரித்திருக்கிறார். அதிகாரிகள் அடிக்கடி வந்து ஆளுக்கொரு கம்பெனிப் பெயரைச் சொல்லி விசாரிக்கிறார்களாம். எனக்கு வந்த போட்டோ எந்தக் கட்டடத்துக் கதவோ! ஜிஎஸ்டி விதிப்படி வாசல் பலகையில் நம்பர் இருக்க வேண்டும், சர்டிபிகேட் உள்ளே கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். 2023-லும் 2024-லும் போலிப் பதிவுகளைப் பிடிக்க நாடு முழுக்கத் தனி சோதனையே நடத்தினார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் கம்பெனிக்கு இதெல்லாம் தெரியாதா?

சரி, போன் செய்தேன். அக்கா போய் மேடம் ஆகிவிட்டது. "டீமுக்கு எஸ்கலேட் பண்ணியிருக்கோம் மேடம்." அடுத்து, "ஆபீசர் லஞ்ச் டைம்ல வந்துட்டார் மேடம்." அடுத்து, "அது பில்டிங் ஓனர் சைடு இஷ்யூ." அசிஸ்டென்ட் பற்றிக் கேட்டால் அது வேறு டிபார்ட்மென்டாம், ஆனால் பணம் வாங்கியது ஒரே அக்கவுண்டில். ரீஃபண்ட் கேட்டதும் சர்டிபிகேட் வந்துவிட்டால் பணம் திரும்பாது என்று ஒரு விதியை எடுத்துக் காட்டினார்கள். இதற்கெல்லாம் மேலே ஒன்று சொன்னார்கள் பாருங்கள். பதிவை மீட்டுத் தரும் வேலைக்குத் தனியாக 12,000 கட்டினால் செய்து தருகிறார்களாம்! வீட்டுக்குத் தீ வைத்தவனே வாளித் தண்ணீருக்கு விலை சொல்வது மாதிரி இல்லையா?

இன்னொன்று. என்னிடம் வரி என்று வாங்கிய 8,280 ரூபாய்க்கு இதுவரை பில் இல்லை. நமக்கு விற்றவர்கள் கணக்கில் காட்டிய வரி தெரியும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யில் தேடினேன், அப்படி ஒரு வரவே இல்லை. அரசாங்கத்துக்குக் கட்டுவதாகச் சொல்லி வாங்கியதும் அவர்கள் பையிலேயே. ஆக நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரியாகக்கூட ஒரு பைசா திரும்பாது, முழுசாக 54,280 ரூபாய் நஷ்டம்.

நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்றதற்கு, "நீங்க பிசினஸ், கன்ஸ்யூமர் இல்லை" என்று மேனேஜர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் பாடம் எடுத்தார். வியாபார நோக்கத்தில் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019 சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன். அந்த நோட்டீஸுக்கான ரெக்-18 பதிலை ஆடிட்டர் தாமதமாகவாவது போட்டிருக்கிறார். ரத்து உத்தரவு வந்துவிட்டால் 90 நாளுக்குள் ரெக்-21 விண்ணப்பம் போட்டு மீட்கக் கேட்கலாம், அதற்கும் உண்மையான முகவரி வேண்டுமே.

விர்ச்சுவல் ஆபீஸ் எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. ஒரே கூட்டு அலுவலகத்தில் பல கம்பெனிகள் தனித்தனியாக ஜிஎஸ்டி பதிவு வாங்கலாம் என்று கேரளாவில் 2018-லேயே ஜிஎஸ்டி முன்தீர்ப்பு (கேட்டவருக்கு ஆணையம் முன்கூட்டியே தரும் விளக்கம்) வந்திருக்கிறது. உண்மையிலேயே மேசை, ஆள், பலகை வைத்து நடத்துபவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் விற்றவர்கள் பூட்டிய அறையை விற்றார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். பணம் போடுவதற்கு முன் தெரிந்தவர் யாரையாவது அந்த முகவரிக்கு நேரில் அனுப்புங்கள், வீடியோ காலில் காட்டுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தில் உரிமையாளர் பெயரும் கரண்ட் பில்லில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். விண்ணப்பத்தில் உங்கள் மெயில், உங்கள் மொபைல். வேறு யாருடையது இருந்தாலும் சப்மிட் செய்ய விடாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அந்த முகவரி இருக்கும் பகுதிக்குரிய ஜிஎஸ்டி அதிகாரியிடம் ஆதாரத்தோடு விண்ணப்பம் கொடுத்து மெயிலையும் மொபைலையும் மாற்றலாம். உங்கள் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று போர்ட்டலில் லாகின் இல்லாமலே தேடிப் பார்க்கலாம், வாரம் ஒருமுறை பாருங்கள். அசிஸ்டென்டுக்கு மாதாமாதம் மட்டும் கட்டுங்கள், பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். பில் கையில் வராமல் வரியைத் தராதீர்கள்.

திங்கட்கிழமை பெங்களூரு போகிறேன், அந்த அதிகாரியைப் பார்க்க. பஸ் டிக்கெட் போட்டாயிற்று. அந்தச் செலவை 54,280-ல் சேர்க்கவில்லை.