பல்பு மாற்ற யார் காசு போட்டது?

2009-இல் மத்திய அரசு கொண்டுவந்த பச்சத் லேம்ப் யோஜனா திட்டத்தில் பழைய குண்டு பல்பைக் கொடுத்தால் 15 ரூபாய்க்கு, குறைந்த மின்சாரத்தில் எரியும் சிஎஃப்எல் பல்பு கிடைத்தது. கடை விலைக்கும் அந்த 15-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு முதலீட்டாளர் போடுவார். கியோட்டோ என்ற உலக காலநிலை ஒப்பந்தப்படி, குறைத்த கரியமில வாயுவுக்குச் சான்றாகக் கிடைக்கும் கார்பன் வரவை (கார்பன் கிரெடிட்) விற்று, போட்ட காசை எடுத்துக்கொள்வார். அரசுக்குப் பெரிய செலவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிச்சமான மின்சாரத்தை நிரூபிக்க மாதிரி வீடுகளில் மீட்டர் மாட்ட வேண்டும், திரும்ப வாங்கிய குண்டு பல்புகளை எண்ணி வைத்து உடைக்க வேண்டும். அப்புறம், 2012 வாக்கில் கார்பன் வரவின் விலையே படுத்துவிட்டது. போட்ட காசை எங்கே எடுப்பது?

2015-இல் வந்த எல்இடி பல்புத் திட்டமான உஜாலா வேறு கணக்கு. ஈஈஎஸ்எல் என்ற பொதுத்துறைக் கூட்டு நிறுவனம் எல்இடி பல்புகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது. மானியம் கிடையாது. வீட்டுக்காரர் பல்பின் விலையை ஒரே தடவையிலும் கொடுக்கலாம் என்றிருந்தது, சில மாநிலங்களில் முதலில் 10 ரூபாய், மீதி கரண்ட் பில்லோடு மாதம் பத்துப் பத்தாக. 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38-க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேல் பல்புகள் வீடு சேர்ந்தன.

என் ஓட்டு உஜாலாவுக்கே. அதிலும் ஓர் ஓட்டை இருந்தது: தவணையை வசூலித்தது மின் விநியோக நிறுவனம். வசூலித்த காசை அது ஈஈஎஸ்எல்லுக்குக் கொடுக்கத் தாமதித்தால் வட்டி ஈஈஎஸ்எல் தலையில்.